தொட்டியும் தண்ணீரும், இறக்கிவிடும் கைகளும்



கிளியனூரில் நடக்க முடியாதவர்களின் சிகிச்சைக்கென்று வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டும் எண்ணம் இருப்பதைச் சென்ற இதழில் இரண்டு வரியில் தெரிவித்திருந்தோம். அதைப் படித்து நீங்கள் எழுதிய கடிதங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. "வெந்நீர் வைத்துக் குளிக்க எதற்குத் தனியாக ஒரு தொட்டி?" என்பது ஒன்று. "பக்கத்திலேயே கடல் இருக்கிறதே, அது போதாதா?" என்பது மற்றொன்று. காணிக்கை கொடுக்கிறவர்கள் இப்படிக் கேட்கத்தான் வேண்டும். ஆகவே இந்த இதழில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில், நாங்கள் சொல்லும் தொட்டி குளிப்பதற்கானது அல்ல. உடற்பயிற்சி செய்வதற்கானது. ஒரு சிறிய அறை அளவுக்கு, நெஞ்சு மட்டம் தண்ணீர் நிற்கும். தண்ணீரின் சூடு 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைக்கும் தண்ணீரைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். அதற்குள் பிசியோதெரபிஸ்ட் ஒருவரோ பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவரோ நோயாளியோடு கூடவே இறங்கி நிற்பார். நோயாளி நடந்து பார்ப்பார், காலைத் தூக்குவார், தோளைச் சுற்றுவார், சில சமயம் வெறுமனே மிதப்பார். அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடுவார். இவ்வளவுதான் காரியம்.

இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிச் சிலர் எழுதியிருந்தீர்கள். அங்கே ஏழு சிறு கிணறுகள் உண்டு. ஒவ்வொன்றின் சூடும் சற்று வேறு. ஆனால் ஜனங்கள் அவற்றில் இறங்குவதில்லை, வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். உடம்பில் ஊற்றிய தண்ணீர் சூட்டை மட்டும் கொடுத்துவிட்டு வழிந்தோடிவிடும். உடம்பைத் தாங்காது. தாங்குவதுதான் தொட்டியின் வேலை.

தாங்குவது எப்படி என்பதை நம் பக்கத்து விவசாயிகளுக்கு விளக்கவே தேவையில்லை. விதைநெல் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீரில் உப்பைக் கரைத்து ஒரு கோழிமுட்டையைப் போட்டுப் பார்ப்பார்கள். நல்ல தண்ணீரில் அடியில் கிடக்கும் முட்டை, உப்பு ஏற ஏற மேலே வந்து, ஒரு காசளவு தலையைக் காட்டும். தண்ணீர் பொருளை மேலே தள்ளுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. மனித உடம்பையும் தண்ணீர் அப்படியே தள்ளுகிறது. அதற்கு உப்புகூட வேண்டியதில்லை, ஏனென்றால் நம் உடம்பு ஏறக்குறைய தண்ணீரின் கனமே உள்ளது. இடுப்பு வரை இறங்கினால் காலில் விழும் பாரம் பாதியாகிறது. நெஞ்செலும்பின் அடிநுனி வரை இறங்கினால் மூன்றில் ஒரு பங்குதான் மீதி. கழுத்து வரை இறங்கினால் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 60 கிலோ எடையுள்ள ஒரு தாயாரின் முழங்கால், தரையில் 60 கிலோவைச் சுமக்கிறது. நெஞ்சளவு தண்ணீரில் 20 கிலோதான். தரையில் நான்கு அடி நடந்தால் "ஐயோ" என்று உட்கார்ந்துவிடுகிறவர், அந்தத் தண்ணீரில் நாற்பது அடி நடக்க முடிவது இதனால்தான். இதில் மந்திரமோ மருந்தோ இல்லை.

தண்ணீரின் இரண்டாவது குணம், எதிர்த்து நிற்பது. நாம் மெதுவாகத் தள்ளினால் மெதுவாகவும், வேகமாகத் தள்ளினால் பலமாகவும் எதிர்க்கும். எடைக்கற்களைத் தூக்கச் சொன்னால் பயப்படும் பலவீனமான கைக்கு, அதன் பலம் எவ்வளவோ அவ்வளவு பயிற்சியைத் தண்ணீரே அளந்து கொடுத்துவிடுகிறது. தரையில் தடுமாறினால் அடுத்த கணம் விழுந்து கிடப்போம். தண்ணீரில் விழுவதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் பிடித்துக்கொள்ளலாம், அல்லது பிடித்துவிடலாம். பக்கவாதம் வந்து ஒருமுறை விழுந்தவர்களுக்கு விழும் பயம்தான் பெரிய வியாதி. அந்தப் பயம் தண்ணீரில் குறைவதை நோயாளியின் முகத்திலேயே பார்க்கலாம்.

மூன்றாவது, சூடு. காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும். கிணற்றுத் தண்ணீரில் பத்து நிமிடம் அசையாமல் நின்றால் நடுங்குகிறோமே, அதற்கு இதுவே காரணம். மூளைவாதத்தால் கைகால் விறைத்த பிள்ளையைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் விறைப்பு கூடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அதே கால் மெல்ல இளகும். அதற்காகச் சூட்டை ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது. 36, 37 டிகிரியைத் தாண்டினால் இருதயத்துக்குப் பாரம், இரத்த அழுத்தம் தாழும், வெளியே வரும்போது தலை சுற்றும்.

இனி, கடல் ஏன் போதாது என்ற கேள்விக்கு வருவோம். கிளியனூரிலிருந்து கிழக்கே போனால் கழுவெளி ஏரி, அதற்கு வடகிழக்கே மரக்காணத்து உப்பளங்கள், அப்பால் கடல். எங்கள் பக்கம் அலை ஓங்கி அடிக்கிற கரை. நன்றாக நடக்கிறவர்களே முழங்கால் ஆழத்தில் கால் இடறி விழுகிறார்கள். சக்கர நாற்காலியின் சக்கரம் மணலில் பத்தடிகூட உருளாது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத் திறனாளிகளுக்காகக் கடல் வரை ஒரு மரப்பாதை திறந்தார்கள். சக்கர நாற்காலியிலேயே அலையின் விளிம்பு வரை போகலாம். சென்னையிலேயே பிறந்து வளர்ந்து கடலில் கால் நனைக்காதவர்கள் அன்று அதை முதல்முறையாக அனுபவித்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சேதப்படுத்தியது, பிறகு சீர்செய்தார்கள். கடல் பக்கத்தில் இருப்பது வேறு, கடலுக்குள் இறங்க முடிவது வேறு என்பதற்கு இதைச் சொன்னோம்.

எங்கள் பகுதியில் யாருக்கு இது தேவை? உப்பளத்தில் வேலை செய்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணத்தில் காரை நிறுத்தி வெள்ளைக் குவியல்களைப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தக் குவியலுக்குப் பின்னால் மனித முதுகு இருக்கிறது. பாத்தித் தரையை மிதித்து இறுக்குவது, நீண்ட மரப்பலகையால் உப்பை வாரி வரப்பில் சேர்ப்பது, கூடையில் நிரப்பித் தலையில் சுமந்து கொட்டுவது, எல்லாம் குனிந்தும் நிமிர்ந்தும் வெயிலில் செய்கிற வேலை. இதில் பாதிக்கு மேல் பெண்களின் கையால் நடப்பதை யாரும் நேரில் பார்க்கலாம். ஐம்பது வயதில் முழங்காலும் இடுப்பும் எழுபது வயதுக்குரியவை ஆகிவிடுகின்றன. "ஆயா, எவ்வளவு நாளா வலி?" என்று கேட்டால், "நாளாவது, வருஷத்தைக் கேளும்மா" என்கிறார்கள்.

அவர்களைத் தவிர, பக்கவாதக்காரர்கள் உண்டு. மரத்திலிருந்தும் இருசக்கர வாகனத்திலிருந்தும் விழுந்து தண்டுவடம் அடிபட்ட வாலிபர் உண்டு. மூளைவாதமுள்ள பிள்ளைகள் உண்டு. இளம்பிள்ளைவாதம் வந்து பிழைத்தவர்களையும் மறந்துவிடக் கூடாது. இந்தியாவில் அந்த நோயின் கடைசிக் கிருமித் தொற்று 2011 ஜனவரியில் ஏற்பட்டது. 2014 மார்ச் 27-ல் நம் நாடு அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியை இளம்பிள்ளைவாதம் அற்றதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆனால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் குழந்தையாக இருந்தபோது அந்நோய் கண்டவர்கள் இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கிறார்கள். இத்தனை வருஷம் ஊன்றுகோலில் உடம்பைத் தாங்கிய தோள்கள் இப்போது தேய்ந்துவிட்டன. அந்தத் தோளுக்குத் தரையில் பயிற்சி கொடுப்பது கடினம். தண்ணீரில் கொடுக்கலாம்.

இளம்பிள்ளைவாதத்தைச் சொன்னதும் இந்தச் சிகிச்சையின் சரித்திரத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் சார்லஸ் லோமன் என்ற எலும்பு மருத்துவர் 1920-களில் தம் மருத்துவமனையில் இருந்த அல்லிக் குளத்தையே சிகிச்சைத் தொட்டியாக மாற்றிப் பிள்ளைகளை இறக்கினார். ஏறக்குறைய அதே காலத்தில், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1921-ல் தம் 39-வது வயதில் கால்கள் செயலிழந்து, 1924-ல் ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போனார். அங்கே நிலத்திலிருந்து 31 டிகிரி சூட்டில் ஊற்று வருகிறது. அந்தத் தண்ணீரில் நின்றபோது, தரையில் அசையாத கால் அசைந்தது. 1926-ல் அந்த இடத்தையே விலைக்கு வாங்கினார். 1927-ல் அதை ஒரு அறக்கட்டளையாக்கி மற்ற நோயாளிகளுக்கும் திறந்தார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் ரூஸ்வெல்ட் ஊன்றுகோலும் இரும்புப் பட்டையும் இல்லாமல் ஒருநாளும் நடக்கவில்லை. தண்ணீர் அவர் கால்களைச் சுகமாக்கவில்லை. அங்கே கிடைத்தது வேறு. தம்மைப்போன்ற நூற்றுக்கணக்கானவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கூச்சமின்றிச் சிரித்துப் பேசிப் பந்து விளையாடிய ஓர் இடம் கிடைத்தது. நாற்காலியைத் தள்ளவும், தண்ணீருக்குக் கொண்டுபோகவும் உள்ளூர் வாலிபர்கள் சம்பளத்துக்கு இருந்தார்கள். வார்ம் ஸ்பிரிங்ஸ் ஒரு ஊற்று என்பதைவிட ஓர் ஊராக இருந்ததே அதன் பலன் என்பது எங்கள் எண்ணம்.

அந்த ஊருக்கும் ஒரு குறை இருந்தது. கறுப்பின நோயாளிகளை அங்கே சேர்க்கவில்லை. அவர்களுக்கென்று அலபாமாவில் டஸ்கீகீ நிறுவனத்தில் தனி மருத்துவப் பிரிவு திறக்க 1941 வரை ஆயிற்று. வெள்ளைக்காரர் தண்ணீரில் மற்றவர் இறங்கக் கூடாது என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. வார்ம் ஸ்பிரிங்ஸ் அறக்கட்டளை தொடங்கிய அதே 1927-ல்தான், மார்ச் 20-ஆம் தேதி, டாக்டர் அம்பேத்கர் மகாட் ஊரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு இறங்கித் தண்ணீர் மொண்டு குடித்தார். நம் கிராமங்களில் இன்றும் யார் எந்தக் கிணற்றில், எந்தத் துறையில் என்ற பேச்சு முழுக்கப் போய்விடவில்லை. ஆகவே, கிளியனூரில் ஒரு தொட்டி கட்டினால் அதில் ஊர்த்தெருவும் காலனியும் ஒரே தண்ணீரில், ஒரே நேரத்தில் இறங்குவார்கள். நேரம் பிரிப்பது ஆண், பெண் என்று மட்டும்தான். இதை இப்போதே எழுதிவைக்கிறோம். இதனால் சிலர் வராமல் போகலாம். போகட்டும்.

பெண்களுக்குத் தனி நேரம் என்றோம். அதிலே ஒரு பெரிய காரியம் அடங்கியிருக்கிறது. சேலையோடு இறங்கினால் தண்ணீரில் அது காலைச் சுற்றிக்கொண்டு இழுக்கும், பயிற்சி செய்ய முடியாது. நீச்சல் உடை என்றால் நம் தாய்மார் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். ஆனால் வயதான தாய்மார்களுக்கு விடை தெரியும். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டி ஏரியிலும் குளத்திலும் குளித்து வளர்ந்தவர்கள் அவர்கள். இளம் பெண்களுக்கு முழங்கால் வரை கால்சட்டையும் கறுப்பு நிறச் சட்டையும் போதும். சுற்றிலும் தட்டி, உள்ளே பெண் உதவியாளர்கள் மட்டும், ஈரத்துணி மாற்ற ஓர் அறை. இவை இல்லாவிட்டால் தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஊரில் பாதிப்பேர் இறங்கமாட்டார்கள்.

எங்கள் சாலையின் மேற்கு முனையில் உள்ள திண்டிவனம் இதை ஒருமுறை உலகத்துக்கே கற்பித்தது. 1890-களில் அங்கே மிஷனெரி டாக்டரான தம் தகப்பனார் வீட்டில் தங்கியிருந்த ஐடா ஸ்கட்டரிடம், ஒரே இரவில் மூன்று பேர் வந்து தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டார்கள். தகப்பனார் டாக்டர், மருந்தும் இருந்தது, வரத் தயாராகவும் இருந்தார். ஆனால் ஆண் டாக்டரை அனுமதிக்க அவர்களால் முடியவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்தச் செய்திதான் ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது, 1900-ல் வேலூருக்குக் கொண்டுவந்தது, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்க வைத்தது. அந்த இரவில் இல்லாமற்போனது மருந்து அல்ல, தகுந்த ஆள்.

அதே வேலூரில்தான் டாக்டர் மேரி வர்கீஸ் பணியாற்றினார். 1954 ஜனவரியில் நடந்த ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிகிச்சையும், நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவப் பயிற்சியும் பெற்றுத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களில் அது நம் தேசத்துக்கு முன்னோடி. 1972-ல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது, 1986-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தண்டுவடம் அடிபட்டவர் படுக்கையில் கிடந்து புண் வந்து சாகவேண்டியவர் அல்ல, வேலைக்குத் திரும்பவேண்டியவர் என்பதைத் தம் உடம்பிலேயே காட்டியவர் அவர். எங்கள் பகுதியில் அடிபடும் வாலிபர்களை நாங்கள் வேலூருக்கோ புதுச்சேரிக்கோ அனுப்புகிறோம். அவர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் எங்கள் வேலை ஆரம்பிக்கிறது. அங்கே கற்ற பயிற்சியைத் தொடர இங்கே இடமில்லாமல் மறுபடியும் கட்டிலில் விழுந்துவிடக் கூடாது.

தண்ணீரில் பயிற்சி கொடுக்கும் முறைகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஹாலிவிக் முறை. ஜேம்ஸ் மெக்மில்லன் என்ற பொறியாளர் 1949-ல் லண்டனில், நடக்க முடியாத சிறுமிகளுக்கான ஹாலிவிக் பள்ளியில் அதை உருவாக்கினார். அவர் டாக்டர் அல்ல, தண்ணீரின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் அறிந்தவர். அவர் முறையில் மிதவைப் பைகள் கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள் என்று தண்ணீருக்குள் நிற்பார்கள். முதலில் இரு கைகளால் தாங்குவார்கள், பிறகு ஒரு கை, பிறகு விரல்நுனி, பிறகு கை எடுக்கப்படும். பிள்ளை தானாக மிதக்கும், தானாகப் புரண்டு மூச்செடுக்கும், தானாக நிமிரும். வீட்டில் எப்போதும் தூக்கிச் சுமக்கப்படும் பிள்ளை, அந்த இடத்தில் மட்டும் யாரும் தொடாமல் இருக்கிறது. மற்ற பலன்களையெல்லாம் விட்டுவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே தொட்டி கட்டலாம் என்று எங்களில் சிலர் வாதிடுகிறார்கள்.

யோவான் சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெதஸ்தா குளத்தை உங்களில் பலர் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். ஐந்து மண்டபங்கள், திரளான வியாதிக்காரர், முப்பத்தெட்டு வருஷம் படுத்திருந்த மனிதன். பிரசங்கங்களில் நாம் பெரும்பாலும் குளம் கலங்குவதைப் பற்றியும், ஆண்டவரின் ஒரே வார்த்தையில் அவன் எழுந்து நடந்ததைப் பற்றியும் கேட்கிறோம். அந்த மனிதன் ஆண்டவரிடம் சொன்ன குறையைச் சற்றுக் கவனியுங்கள். தண்ணீர் இல்லை என்று அவன் சொல்லவில்லை. அது அவன் கண்ணெதிரே இருந்தது. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஓர் ஆள் இல்லை என்றுதான் சொன்னான். முப்பத்தெட்டு வருஷம் ஓர் ஊரில் இருந்தும் ஓர் ஆள் இல்லை.

தொட்டி எல்லா நோயையும் தீர்க்கும் என்று எண்ணிவிட வேண்டாம். முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குத் தண்ணீர்ப் பயிற்சி எவ்வளவு பலன் தருகிறது என்று 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கோக்ரேன் தொகுப்பு ஒன்று 2016-ல் வெளியானது. வலியும் முடியாமையும் குறைகின்றன, ஆனால் சிறிய அளவில், பயிற்சி முடிந்த சிறிது காலத்துக்கு என்பதே அதன் முடிவு. பயிற்சியை நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். பெரிய நகரத்துக்கு ஒருமுறை போய்ப் பத்து நாள் சிகிச்சை பெற்றுவருவதைவிட, பஸ்ஸில் அரை மணியில் வந்துசேரும் தூரத்தில் வாரம் இருமுறை கிடைப்பது மேலானது என்று நாங்கள் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

இறக்கக் கூடாதவர்களும் உண்டு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, திறந்த புண், கட்டுக்கடங்காத வலிப்பு, பலவீனமான இருதயம் உள்ளவர்கள் இறங்கக் கூடாது. உப்பளத் தொழிலாளரின் பாதங்கள் பலவும் வெடித்துப் பிளந்தவை. புண் ஆறும்வரை காத்திருக்கவேண்டும். உணர்வு மரத்த தொழுநோய்ப் பாதத்துக்கும் சர்க்கரை நோய்ப் பாதத்துக்கும் சூடான தண்ணீர் ஆபத்து, கொப்பளித்த பிறகுதான் தெரியும். அவர்களுக்கு சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் காலை ஊறவைத்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவுவதே சரி. அதற்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி போதும், யாருடைய காணிக்கையும் தேவையில்லை.

இனி செலவுக் கணக்கு. நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், 1.1 மீட்டர் ஆழம் என்றால் 13,200 லிட்டர் தண்ணீர். எங்கள் நிலத்தடித் தண்ணீரை 28 டிகிரி என்று வைத்து 34-க்கு ஏற்ற 92 யூனிட் மின்சாரம் போலாகும். பிறகு தினமும் இழக்கும் சூட்டை ஈடுசெய்தால் போதும். அதில் பெரும்பகுதி தண்ணீர்ப் பரப்பிலிருந்து ஆவியாகிப் போவது. இரவில் தார்ப்பாயோ கனமான பிளாஸ்டிக் விரிப்போ போட்டு மூடினால் பெருமளவு மிச்சம். வெயிலுக்கு நம் ஊரில் குறைவில்லை, கூரையில் சூரியவெப்பக் குழாய்கள் வைக்கலாம். ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. உப்பளத்தில் வேலை நடக்கும் வெயில் மாதங்களில் தொழிலாளர் கூலியை விட்டுவிட்டு வரமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் முங்கி வேலை நின்ற பிறகுதான் வருவார்கள். அப்போதுதான் சூரியனும் இருக்காது, மின்சாரமும் நிற்கும். 2011 தானே புயலுக்குப் பின்னும், 2024 ஃபெஞ்சல் புயலின்போதும் இந்தப் பகுதி எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே விறகாலும் எரிக்கக்கூடிய ஒரு கொதிகலன் கூடவே வேண்டும்.

தண்ணீர் சுத்தம் இதைவிட முக்கியம். வெதுவெதுப்பான தண்ணீர் மனிதனுக்கு எவ்வளவு சுகமோ கிருமிக்கும் அவ்வளவு சுகம். குளோரினைச் சூடும் வெயிலும் வியர்வையும் சீக்கிரம் தின்றுவிடும். தினமும் பலமுறை சோதிக்கவேண்டும், வடிகட்டி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், இறங்குமுன் எல்லாரும் சோப்புப் போட்டுக் குளிக்கவேண்டும். சோதனைப் புத்தகத்தில் ஒரு வேளை எழுதாமல் விட்டாலும் அன்று தொட்டியைப் பூட்டிவிடவேண்டும். கடற்கரைப் பக்கத்து உப்புத் தண்ணீர் உடம்புக்குக் கெடுதல் செய்யாது, பம்பையும் சூடேற்றும் கருவியையும் அரித்துவிடும். கட்டிச் சில வருஷத்தில் பாசி பிடித்துக் காய்ந்து கிடக்கும் தொட்டிகளுக்கு நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் மட்டும் பளபளவென்று இருக்கும். அப்படி ஒன்றைக் கட்ட எங்களுக்கு விருப்பமில்லை.

உள்ளே இறக்குவது எப்படி என்று ஆலோசித்தோம். சரிவுப்பாதை என்றால் ஓர் அடி இறங்கப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். 1.1 மீட்டர் ஆழத்துக்கு 13 மீட்டர் சரிவு, தொட்டியைவிட அது பெரிதாகிவிடும். மின்சாரத் தூக்கி விலை அதிகம், பழுதானால் சரிசெய்ய ஆளில்லை. கடைசியில் திண்ணை நினைவுக்கு வந்தது. தொட்டியைப் பாதி தரைக்கு மேலே எழுப்பி, சுற்றுச்சுவரை ஒன்றரை அடி உயரத்தில், அகலமாக, வழவழப்பாகக் கட்டினால் அது சக்கர நாற்காலியின் இருக்கைக்குச் சரிமட்டமாக வரும். நாற்காலியிலிருந்து திண்ணைக்கு நகர்ந்து, காலை உள்ளே போட்டு, உட்கார்ந்தபடியே சறுக்கி, உள்ளே காத்திருக்கும் கைகளில் இறங்கலாம். ஏறுவதும் அப்படியே. கொத்தனார் ஒருவரிடம் சொன்னபோது, "இதுக்கா இவ்வளவு யோசனை, எங்க வீட்டு வாசல்ல இருக்குதே ஐயா" என்றார்.

ஆனால் திண்ணையின் உட்புறம் கைகள் வேண்டுமே. அதனால் நாங்கள் எடுத்த தீர்மானம் இது: முதலில் செங்கல் வாங்கப்போவதில்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து இரண்டு பெண்களையும் இரண்டு ஆண்களையும் தேர்ந்தெடுத்து, ஒரு வருஷச் சம்பளம் கொடுத்து, பிசியோதெரபிஸ்டின் கீழ்ப் பழக்கப்போகிறோம். ஒருவரை நாற்காலியிலிருந்து மாற்றுவது, தண்ணீரில் தாங்குவது, மயக்கம் வந்தால் வெளியே எடுப்பது, குளோரின் சோதிப்பது, புத்தகத்தில் எழுதுவது எல்லாம் கற்றபின் தொட்டி வேலை தொடங்கும். உப்பளக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு முதலிடம். மழைக்காலத்தில் அவர்களுக்கு வேலை இல்லாதபோது எங்களுக்கு அவர்கள் அதிகம் தேவைப்படுவார்கள்.

இந்த நால்வருக்காகவும், நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தில் ஆழ்துளைக் கிணறு அமையவும், வெட்கத்தாலும் பயத்தாலும் வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும் பிள்ளைகளை அவர்கள் பெற்றோர் வெளியே கொண்டுவரவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். காணிக்கை அனுப்புகிறவர்கள் சீட்டில் 'தொட்டி' என்று எழுதினால் அதைத் தனிக் கணக்கில் வைத்துக் காத்திருப்போம். 'உதவியாளர் சம்பளம்' என்று எழுதினால் இந்த மாதமே செலவாகும்.